மலேசிய அரசு ஊழியர் பென்ஷன் நிறுத்தம் (2024)

மலேசிய அரசுப் பணியில் புதிதாகச் சேருவோருக்குப் பென்ஷன் வழங்கும் முறை 2024 பிப்ரவரி 1 முதல் நிறுத்தப்பட்டது. அன்று தொட்டு நியமனம் பெறுவோர், தனியார் துறையினரைப் போலவே ஊழியர் சேமநிதி (இபிஎஃப்), சமூகப் பாதுகாப்பு நிறுவனமான பெர்க்கேசோ இரண்டிலும் சந்தாதாரர் ஆகின்றனர். துணைப் பிரதமர் அகமட் ஸாஹிட் ஹமிடி ஜனவரியில் இதை அறிவித்தார். பென்ஷன் செலவு ஆண்டுக்கு 30 பில்லியன் ரிங்கிட்டைத் தாண்டிவிட்டதே முக்கியக் காரணம்.

இபிஎஃப் 1951 அக்டோபர் 1இல் தொடங்கியது. பென்ஷன் தகுதி பெற்ற அரசு ஊழியர் அதற்கு வெளியே, 1980ஆம் ஆண்டு ஓய்வூதியச் சட்டத்தின் கீழ் நின்றார். பென்ஷனுக்காக அவர் சம்பளத்தில் பிடித்தம் கிடையாது. தகுதி கிடைக்கும்வரை இபிஎஃப் கட்டியிருந்தால், தம் பங்கை எடுத்துக்கொள்ளலாம். அரசின் பங்கு ஓய்வூதிய நிதிக்குத் திரும்பிவிடும். பென்ஷன் வேண்டாம், இபிஎஃப் போதும் என்று தெரிவு செய்யவும் வழி இருந்தது.

வேறு ஓய்வூதியம் உள்ளவர் பொதுத் திட்டத்துக்கு வெளியே நிற்கும் இந்த முறைக்கு நெருங்கிய ஏற்பாடு ஒன்று பிரிட்டனிலும் இருந்தது. நிறுவனத்தின் சொந்த ஓய்வூதியத் திட்டத்தில் இருப்பவர், அரசின் கூடுதல் ஓய்வூதியத்திலிருந்து விலகி, குறைந்த காப்பீட்டுச் சந்தா கட்டலாம். 1978இல் வந்த அந்த வசதி 2016 ஏப்ரல் 6இல் முற்றாக முடிந்தது.

மாற்றத்தின் விளைவைப் பார்க்க, மலேசியாவின் செராஸ் வட்டாரப் பள்ளி ஒன்றில் 30 ஆண்டு பணியாற்றிக் கடைசியாக 5,000 ரிங்கிட் அடிப்படைச் சம்பளம் வாங்கிய ஆசிரியரை எடுத்துக்கொள்வோம். பழைய முறையில் பணி மாதங்களைக் கடைசிச் சம்பளத்தால் பெருக்கி 600ஆல் வகுப்பார்கள். அவருக்கு மாதம் 3,000 ரிங்கிட், ஆயுள் முழுக்க. பணிக்கொடை 1,35,000 ரிங்கிட் தனி. அதே பள்ளியில் இப்போது 3,000 ரிங்கிட் சம்பளத்தில் சேரும் ஆசிரியருக்கு மாதம் 11 விழுக்காடு, அதாவது 330 ரிங்கிட் பிடிக்கப்படும்; முதலாளியான அரசின் பங்கு 13 விழுக்காடு, 390 ரிங்கிட். எவ்வளவு சேர்கிறதோ, ஈவுத்தொகை எவ்வளவு வருகிறதோ, அவ்வளவுதான். தொண்ணூறு வயது வரை வாழ்ந்தால் பணம் தாங்குமா என்ற கவலை இனி அந்த ஆசிரியருடையது. இந்த மாற்றத்தின் உண்மையான கனம் இங்கேதான் இருக்கிறது. பென்ஷனுக்காகவே பிள்ளைகளை அரசு வேலைக்கு அனுப்பிய தமிழ்க் குடும்பங்கள் இதை உடனே உணர்ந்தன.

முன்பே பணியில் இருப்பவர்களுக்கு மாற்றமில்லை. அரசியலமைப்பின் 147ஆவது பிரிவு அவர்களது ஓய்வூதிய உரிமையைக் காக்கிறது. பென்ஷன்காரர் இறந்தால் துணைவருக்கு வாரிசு ஓய்வூதியம் தொடரும். இபிஎஃப்பிலோ, கணக்கில் மிஞ்சிய தொகை ஒரே முறையில் வழங்கப்பட்டுக் கணக்கு முடிந்துவிடும்.