தென்னிந்தியப் பட்டாம்பூச்சி வலசை

தென்னிந்தியப் பட்டாம்பூச்சி வலசை என்பது, மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் அதன் கிழக்கே உள்ள சமவெளி, கிழக்குத் தொடர்ச்சி மலைப் பகுதிகளுக்கும் இடையே சில வகைப் பட்டாம்பூச்சிகள் ஆண்டுக்கு இருமுறை கூட்டமாக இடம்பெயரும் நிகழ்வு ஆகும். தென்மேற்கு, வடகிழக்குப் பருவமழைகளை ஒட்டி இது நடைபெறுகிறது. பறவைகளின் வலசையில் சென்ற பறவையே திரும்பி வருவதுண்டு. பட்டாம்பூச்சிகளிலோ, சென்றவற்றின் வழித்தோன்றல்களே திரும்புகின்றன என்று கருதப்படுகிறது. எனவே, வழியில் முட்டையிட ஏற்ற செடிகள் இருந்தால் மட்டுமே இவ்வலசை தொடர முடியும்.

வலசை போகும் வகைகள்

இவ்வலசையில் பெரும்பான்மையாகக் காணப்படுபவை வரியன்கள், கருப்பன்கள் என்னும் நெருங்கிய உறவுடைய இரு குழுக்களைச் சேர்ந்தவை. அவற்றுள் முதன்மையானவை நான்கு:

• கருநீல வரியன்
• நீல வரியன்
• வெண்புள்ளிக் கருப்பன்
• இரட்டைவரிக் கருப்பன்

வட அமெரிக்காவின் புகழ்பெற்ற மொனார்க் பட்டாம்பூச்சியும், தமிழ்நாட்டில் எருக்கஞ்செடி அருகே எளிதில் காணக்கூடிய வெந்தய வரியனும் இவற்றின் உறவினங்களே.

காலமும் திசையும்

ஏப்ரல் முதல் சூன் வரையிலான காலத்தில், தென்மேற்குப் பருவமழை வலுப்பெறும் முன்பும் அதன் தொடக்கத்திலும், இப்பூச்சிகள் மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து கிழக்கு நோக்கிப் பறக்கின்றன. மலைக்காடுகளில் பல வாரங்கள் விடாது பெய்யும் கனமழையைத் தவிர்ப்பதே இதன் காரணமாகக் கருதப்படுகிறது. அக்டோபர், நவம்பர் மாதங்களில் சேர்வராயன், கல்வராயன், கொல்லி, பச்சைமலை ஆகிய கிழக்குத் தொடர்ச்சி மலைப் பகுதிகளிலிருந்து நீலகிரி, ஆனைமலை நோக்கிய மேற்குத் திசை வலசை நிகழ்கிறது. சோழமண்டலக் கடற்கரையில் உள்ள மரக்காணத்திலிருந்து நீலகிரி வரை நேர்கோட்டில் அளந்தால் ஏறத்தாழ 350 கிலோமீட்டர் தொலைவு வரும்.

இலங்கையிலும் பட்டாம்பூச்சி வலசை உண்டு. அங்கு சிவனொளிபாத மலையை நோக்கிப் பட்டாம்பூச்சிகள் செல்வதாக நெடுங்காலமாக மக்களிடையே நம்பிக்கை நிலவுகிறது. அம்மலையின் சிங்களப் பெயரான 'சமனல கந்த' என்பது 'பட்டாம்பூச்சி மலை' என்றும் பொருள்படும்.

வலசையும் செடிகளும்

பட்டாம்பூச்சியின் புழு எல்லா இலைகளையும் உண்பதில்லை. ஒவ்வொரு வகைக்கும் குறிப்பிட்ட சில உணவுச் செடிகளே உள்ளன. கருநீல வரியனும் நீல வரியனும் கொடிப்பாலை எனப்படும் பெருங்குறிஞ்சான் கொடியில் முட்டையிடுகின்றன. வெண்புள்ளிக் கருப்பனின் புழு அரளி, நன்னாரி, ஆல், அத்தி ஆகியவற்றின் இலைகளை உண்ணும். வெந்தய வரியனுக்கு எருக்கு முதன்மையான உணவு. இவற்றுள் பல பால் வடியும் தாவரங்கள். புழுப் பருவத்தில் உடலில் சேரும் நச்சுப் பொருட்கள், பட்டாம்பூச்சியான பின்னும் பறவைகளிடமிருந்து காப்பளிக்கின்றன.

வளர்ந்த ஆண் பூச்சிகளுக்கு வேறொரு தேவையும் உண்டு. கிலுகிலுப்பை, தேள்கொடுக்கு ஆகிய செடிகளின் காய்ந்த அல்லது காயம்பட்ட பகுதிகளிலிருந்து அவை ஆல்கலாய்டு எனப்படும் வேதிப்பொருட்களை உறிஞ்சுகின்றன. பெண் பூச்சியை ஈர்க்கும் மணப்பொருளை உருவாக்க இவை பயன்படுகின்றன. வலசைக் காலத்தில் ஒரே கிலுகிலுப்பைச் செடியில் நூற்றுக்கணக்கான வரியன்கள் மொய்த்திருப்பதற்கு இதுவே காரணம்.

மரக்காணம் கடற்கரைப் பகுதி

விழுப்புரம் மாவட்டத்தின் மரக்காணம் உப்பளங்கள், கழுவெளி ஏரி, இடையஞ்சாவடி, ஆரோவில் ஆகியவை அமைந்துள்ள பகுதி கிழக்குச் சமவெளியின் கடலோர விளிம்பு ஆகும். இங்கு ஆண்டு மழையின் பெரும்பங்கு அக்டோபர் முதல் திசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையாகப் பெய்கிறது. அம்மழைக் காலத்தில் உப்பு எடுக்கும் பணி நிற்கும். வரப்புகளிலும் சாலையோரங்களிலும் செடிகொடிகள் தழைக்கும்.

எருக்கு, வேலிப்பருத்தி, கிலுகிலுப்பை போன்றவை இத்தகைய நிலங்களில் தாமாக வளர்பவை. இடையஞ்சாவடியை ஒட்டிய செம்மண் மேட்டில், 1968ஆம் ஆண்டு ஆரோவில் தொடங்கப்பட்ட பின் மேற்கொள்ளப்பட்ட மரம் வளர்ப்புப் பணிகளால், இக்கடற்கரைக்கே உரிய வறண்ட பசுமைமாறாக் காட்டின் தாவரங்கள் பல மீண்டும் வளர்ந்துள்ளன. வலசைப் பறவைகளுக்குப் பெயர்பெற்ற கழுவெளி 2021ஆம் ஆண்டு பறவைகள் காப்பிடமாக அறிவிக்கப்பட்டது. பட்டாம்பூச்சிகளின் செடிகளோ பெரும்பாலும் காப்பிடங்களுக்கு வெளியே, வேலிகளிலும் தரிசுகளிலுமே உள்ளன.

ஆய்வுகள்

இந்தியப் பட்டாம்பூச்சி வலசை பற்றிய பழைய குறிப்புகள் பல, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழில் வெளிவந்தவை. வரியன், கருப்பன் வலசைகளில் உள்ள வகைகள், அவற்றின் ஆண்-பெண் விகிதம், செல்லும் திசை ஆகியவற்றைப் பற்றிய கிருஷ்ணமேக் குந்தேயின் ஆய்வுக்கட்டுரை 2005ஆம் ஆண்டு அவ்விதழில் வெளியானது. தமிழ்நாட்டில் கோயம்புத்தூரைச் சேர்ந்த இயற்கை மற்றும் பட்டாம்பூச்சிக் கழகத்தின் ஆர்வலர்கள் வலசையைத் தொடர்ந்து பதிவு செய்து வருகின்றனர்.

வட அமெரிக்காவில் கனடாவைச் சேர்ந்த பிரெட் உர்க்கர்ட், நோரா உர்க்கர்ட் இணையர், தன்னார்வலர்களின் துணையுடன் மொனார்க் பட்டாம்பூச்சிகளின் சிறகில் சிறு அடையாளச் சீட்டு ஒட்டிப் பல ஆண்டுகள் ஆய்வு செய்தனர். அதன் பயனாக 1975ஆம் ஆண்டு, அவை குளிர்காலத்தைக் கழிக்கும் மெக்சிக்கோ மலைக்காடுகள் அறிவியல் உலகுக்குத் தெரியவந்தன.

மிதிவண்டியில் பின்தொடர்ந்த பயணம்

2017ஆம் ஆண்டு அமெரிக்காவைச் சேர்ந்த சாரா டைக்மன், மொனார்க் வலசையைத் தனியாக மிதிவண்டியில் பின்தொடர்ந்தார். மார்ச் மாதம் மெக்சிக்கோவின் குளிர்கால வாழிடத்திலிருந்து புறப்பட்டு, ஐக்கிய அமெரிக்கா வழியாகக் கனடா சென்று, மீண்டும் மெக்சிக்கோ திரும்பினார். பயணத் தொலைவு 10,201 மைல், அதாவது ஏறத்தாழ 16,400 கிலோமீட்டர். பழைய உதிரிபாகங்களால் ஆன மிதிவண்டியையே அவர் பயன்படுத்தினார். வழியில் பள்ளிகளில் மாணவர்களிடம் உரையாற்றினார். இப்பயணம் பற்றிய அவருடைய நூல் 2021ஆம் ஆண்டு வெளிவந்தது.

இங்கு பின்தொடர்தல் என்பது ஒரு தனிப் பட்டாம்பூச்சியின் பின்னால் செல்வதன்று. வசந்த காலத்தில் வடக்கே புறப்படும் மொனார்க் வழியில் முட்டையிட்டு இறந்துவிடும். அதன் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் பயணத்தைத் தொடரும். இலையுதிர் காலத்தில் தெற்கே திரும்பும் தலைமுறை மட்டும் சில ஆயிரம் கிலோமீட்டர் பறந்து, முன் கண்டிராத அதே காடுகளை அடைகிறது. ஆகவே மிதிவண்டியில் செல்பவர் உண்மையில் பின்தொடர்வது, சாலையோரங்களில் பால் வடியும் செடிகள் முளைத்திருக்கும் தொடரையே. விரைந்து செல்லும் வாகனத்திலிருந்து இலையின் அடியில் உள்ள முட்டையைக் காண இயலாது.

அச்சுறுத்தல்கள்

வலசை செல்லும் மொனார்க் துணையினத்தை, இயற்கைப் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஒன்றியம் 2022ஆம் ஆண்டு செம்பட்டியலில் சேர்த்தது. அங்கு களைக்கொல்லிகளால் வயல்வெளிகளில் உணவுச் செடிகள் அழிந்ததும் முக்கியக் காரணங்களுள் ஒன்று.

தமிழ்நாட்டிலும் எருக்கு, வேலிப்பருத்தி, கிலுகிலுப்பை ஆகியவை களைகளாகவே பார்க்கப்படுகின்றன. சாலை அகலப்படுத்தல், உயிர்வேலிகளை நீக்கிக் கம்பிவேலி இடுதல், தரிசுகள் மனைகளாதல், களைக்கொல்லிப் பயன்பாடு ஆகியவற்றால் இவை குறைகின்றன. மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளைக் காப்பதால் மட்டும் வலசையைக் காக்க முடியாது. இரு முனைகளுக்கும் நடுவே ஒரு தலைமுறை பிறந்து வளர்வதற்கான இடமும் தேவை.

பதிவு செய்யும் முறை

வலசையைப் பதிவு செய்ய விலையுயர்ந்த கருவிகள் தேவையில்லை. திறந்த வெளியில் இரு அடையாளங்களுக்கு இடையே ஒரு கற்பனைக் கோட்டை அமைத்துக்கொண்டு, குறிப்பிட்ட நிமிடங்களில் அதைக் கடக்கும் பூச்சிகளை எண்ணலாம். நாள், நேரம், பறக்கும் திசை, காற்றின் திசை, வகை ஆகியவற்றையும் குறிக்க வேண்டும். ஒரே இடத்தில் ஆண்டுதோறும் எடுக்கப்படும் குறிப்புகள் மிகுந்த மதிப்புடையவை. பூச்சிகள் கடக்காத நாட்களையும் குறித்து வைத்தால்தான் வலசை தொடங்கிய, முடிந்த நாட்களைக் கணிக்க இயலும்.