பிரேக் காலிப்பரின் வரலாறு

பிரேக் காலிப்பர் என்பது டிஸ்க் பிரேக் உள்ள வாகனங்களில், சக்கரத்துடன் சுழலும் டிஸ்க்கை இருபுறமும் கவ்விப் பிடிக்கும் உறுப்பாகும். பெடலை மிதிக்கும்போது பிரேக் ஆயிலின் அழுத்தம் காலிப்பருக்குள் இருக்கும் பிஸ்டனைத் தள்ளுகிறது. பிஸ்டன், பிரேக் பேடை டிஸ்க்கின் மீது அழுத்துகிறது. உராய்வினால் சக்கரம் நிற்கிறது.

கார் ஒரு பக்கமாக இழுப்பது, ஒரு சக்கரம் மட்டும் சூடாவது, ஒரு பேட் மட்டும் வேகமாகத் தேய்வது ஆகியவை இன்றைய குடும்பக் கார்களில் காணப்படும் காலிப்பர் பழுதுகள். துரு, வெப்பம், தூசி ஆகியவற்றோடு காலிப்பர் நடத்திவரும் போராட்டம் ஒரு நூற்றாண்டுக்கும் மேற்பட்டது. அந்த வரலாற்றை அறிந்தவருக்குப் பழுதின் காரணத்தைக் கண்டறிவது எளிது.

தொடக்கம்

இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் கார் தயாரித்த பிரெடரிக் லான்செஸ்டர் 1902ஆம் ஆண்டு டிஸ்க் பிரேக்குக்குக் காப்புரிமை பெற்றார். அவர் பயன்படுத்திய உராய்வுப் பொருள் செம்பு. அது இரும்பு டிஸ்க்கில் உரசும்போது கிறீச்சென்று பெருஞ்சத்தம் எழுந்தது. அக்காலத்தின் புழுதிச் சாலைகளில் விரைவாகத் தேய்ந்தும் போனது. எனவே, மூடிய அமைப்புடைய டிரம் பிரேக்கே அடுத்த அரை நூற்றாண்டு கார்களில் நிலைத்தது. இதற்கிடையே 1921இல் அமெரிக்காவின் டூசன்பெர்க் கார் நான்கு சக்கரங்களிலும் ஹைட்ராலிக் பிரேக்குடன் வந்தது. பின்னாளில் காலிப்பரை இயக்கியதும் இந்தத் திரவ அழுத்தமே.

கிராஸ்லி தந்த பாடம்

அமெரிக்காவின் கிராஸ்லி நிறுவனம் விலை குறைந்த சிறிய கார்களைத் தயாரித்து வந்தது. 1949இல் அது விமானங்களுக்கான வடிவமைப்பிலிருந்து உருவான டிஸ்க் பிரேக்குகளைத் தன் கார்களில் பொருத்தியது. பிரேக் நன்றாகவே பிடித்தது. ஆனால், குளிர்காலத்தில் பனியை உருக்கச் சாலைகளில் தூவப்படும் உப்பும் அழுக்கும் காலிப்பருக்குள் புகுந்து அரித்தன. நகர வேண்டிய பாகங்கள் இறுகிப்போயின. சுமார் ஓராண்டிலேயே நிறுவனம் டிரம் பிரேக்குக்குத் திரும்பியது. காலிப்பருக்குள் நீரும் அழுக்கும் புகாமல் காக்கும் ரப்பர் உறைகள் எவ்வளவு முக்கியம் என்பதை இந்நிகழ்வு காட்டுகிறது.

பந்தயத்திலிருந்து சாலைக்கு

டிரம் பிரேக்கில் வெப்பம் உள்ளேயே தங்குவதால், தொடர்ந்து மிதித்தால் பிடிப்புக் குறையும். டிஸ்க்கோ காற்றில் திறந்திருப்பதால் விரைவில் குளிரும். 1953ஆம் ஆண்டு பிரான்சில் நடந்த லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் டன்லப் டிஸ்க் பிரேக் பொருத்திய ஜாகுவார் சி-டைப் கார் வென்று இதை உலகறியச் செய்தது. 1955இல் வெளிவந்த சிட்ரோயன் டிஎஸ் கார், முன் சக்கரங்களுக்கான டிஸ்க் பிரேக்கைப் பெருமளவு உற்பத்திக்குக் கொண்டுவந்தது.

கார்வெட்டின் கசிவு

1965 முதல் 1982 வரையிலான செவர்லே கார்வெட் கார்களில் ஒவ்வொரு காலிப்பரிலும் நான்கு பிஸ்டன்கள் இருந்தன. ரப்பர் சீல் பிஸ்டனோடு சேர்ந்து வார்ப்பிரும்பு உருளையின் சுவரில் உரசி நகர்ந்தது. பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை ஈர்க்கும் தன்மையுடையது. அந்த ஈரத்தால் உருளையின் சுவரில் துருக்குழிகள் விழ, சீல் வழியாக ஆயில் கசிந்தது. உருளையைக் குடைந்து, துருப்பிடிக்காத எஃகு உறையைச் செருகுவது இதற்கான தீர்வாயிற்று.

இன்றைய பெரும்பாலான காலிப்பர்களில் சதுர வெட்டுமுகம் கொண்ட சீல், உருளையின் பள்ளத்தில் நகராமல் அமர்ந்திருக்கிறது. பிஸ்டன் முன்னே செல்லும்போது சீல் சற்று வளைகிறது. பெடலை விட்டதும் பழைய வடிவுக்குத் திரும்பிப் பிஸ்டனைச் சிறிதளவு பின்னுக்கு இழுக்கிறது. சீல் தளர்ந்தாலோ பிஸ்டன் துருப்பிடித்தாலோ பேட் டிஸ்க்கை விடாது.

நகரும் காலிப்பர்

தொடக்ககாலக் காலிப்பர்களில் டிஸ்க்கின் இருபுறமும் பிஸ்டன்கள் இருந்தன. பின்னர் ஒருபுறம் மட்டும் பிஸ்டன் உள்ள, பக்கவாட்டில் நகரும் காலிப்பர் பரவியது. ஃபோர்டு மஸ்டாங் 1968ஆம் ஆண்டு மாடலில் இதற்கு மாறியது. பிஸ்டன் உட்புறப் பேடைத் தள்ள, எதிர்விசையால் காலிப்பரே நகர்ந்து வெளிப்புறப் பேடை இழுக்கிறது. விலையும் எடையும் குறைந்தன. ஆனால், காலிப்பர் நகர்வதற்கான வழிகாட்டி ஊசிகள் காய்ந்து இறுகுவது ஒரு புதிய பழுதாகச் சேர்ந்தது.

பழுதறிதல்

• உட்புறப் பேட் மட்டும் அதிகம் தேய்ந்திருந்தால் வழிகாட்டி ஊசிகள் இறுகியிருக்கலாம்.

• பிரேக் பிடிக்கும்போது மட்டும் கார் வலப்பக்கம் இழுத்தால், இடப்பக்கக் காலிப்பர் சரியாக இயங்காமல் இருக்கலாம்.

• பெடலை விட்ட பின்னும் வலப்பக்கமே இழுத்து, அச்சக்கரம் சூடானால், வலப்பக்கக் காலிப்பர் விடாமல் பிடித்திருக்கலாம்.

• சக்கரம் இறுகி நிற்கையில், காரை ஸ்டாண்டில் நிறுத்தி, அந்தக் காலிப்பரின் காற்று நீக்கும் திருகைச் சற்றுத் திறக்க வேண்டும். சக்கரம் உடனே விடுபட்டால் ஆயில் அழுத்தம் உள்ளே சிக்கியிருக்கிறது. உட்புறம் அடைபட்ட ரப்பர் ஹோஸோ மாஸ்டர் சிலிண்டரோ காரணமாகலாம். விடுபடாவிட்டால் குறை காலிப்பரிலேயே உள்ளது.

பழுது நீக்கல்

இறுகிய ஊசிகளைச் சுத்தம் செய்து, ரப்பரைக் கெடுக்காத சிலிகான் கிரீஸ் இட வேண்டும். பெட்ரோலியக் கிரீஸ் பட்டால் ரப்பர் ஊதிப்போகும். பிஸ்டன் வழவழப்பாக இருந்தால் சீலையும் உறையையும் மாற்றினால் போதும். துருக்குழி இருந்தால் பிஸ்டனையோ முழுக் காலிப்பரையோ மாற்ற வேண்டும். கழற்றிய காலிப்பரை ஹோஸில் தொங்கவிடக் கூடாது. பேடுகளை இடம், வலம் இரண்டிலும் சேர்த்தே மாற்ற வேண்டும். இறுதியில் ஆயிலிலிருந்து காற்றை முழுமையாக நீக்க வேண்டும்.

ஆயிலையும் கவனிக்க வேண்டும். டாட் 3 வகைப் புதிய ஆயிலின் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி செல்சியஸ். ஈரம் கலந்த நிலைக்கான வரம்பு 140 டிகிரி மட்டுமே. மலைப்பாதை இறக்கத்தில் பழைய ஆயில் கொதித்தால் ஆவி உண்டாகி, பெடல் பிடிப்பின்றி உள்ளே இறங்கிவிடும். ஆகவே, தயாரிப்பாளர் குறிப்பிட்ட கால அளவில் பிரேக் ஆயிலை மாற்றுவது காலிப்பரையும் பயணிப்போரையும் ஒருசேரக் காக்கும்.