சோன் ஆற்றங்கரைச் சைவ மடம்

வடபுலத்தில் வாழும் நம்மனோர்க்கு ஓர் எண்ணம் உண்டு. சைவம் தென்னாட்டுச் செல்வம் என்றும், அதனை இங்குக் கொணர்ந்தவர் நாமே என்றும் கருதி, ஆண்டுதோறும் திருவாதிரைக்குக் களி கிண்டி மகிழ்கின்றோம். களியில் குறையில்லை, எண்ணத்தில்தான் சிறிது குறையுண்டு. நாம் குடியேறி வாழும் இம்மத்தியப் பிரதேசத்திலேயே, ஆயிரம் ஆண்டுகட்கு முன் சைவத் துறவியர் எழுப்பிய கல் மடம் ஒன்று இன்றும் நிற்கின்றது.

சித்தி மாவட்டத்தில், சோன் ஆறும் பனாஸ் ஆறும் கூடுமிடத்திற்கு அண்மையில் சந்திரேஹே என்னும் சிற்றூர் உள்ளது. அங்கே கோயிலும் மடமும் அருகருகே அமைந்துள்ளன. கோயிலின் கருவறை வட்ட வடிவினது. நம் நாட்டுச் சதுரக் கருவறைகளைக் கண்டு பழகிய கண்ணுக்கு இது புதுமை. மடமோ நம் ஊர்ப் பெரிய முற்றத்து வீட்டை நினைவூட்டும். முன்னே தூண்கள் தாங்கும் தாழ்வாரம். உள்ளே வானம் நோக்கிய முற்றம். அதனைச் சுற்றித் தூண் வரிசை. அதன் பின்னே அறைகள். மேல்தளமும் இருந்தது, அதிற் பெரும்பகுதி இடிந்துவிட்டது. அரண்மனைகள் பல மண்ணோடு மண்ணாகிவிட்ட இந்நாட்டில், துறவியர் உறைந்த இல்லம் ஒன்று இவ்வளவேனும் எஞ்சியிருப்பது அரிதினும் அரிது.

மடத்தைக் கட்டியவர் யார் என்று ஊகிக்க வேண்டுவதில்லை. அங்குள்ள வடமொழிக் கல்வெட்டே கூறுகின்றது. களசூரி ஆண்டு 724, அஃதாவது கி.பி. 973ஐ ஒட்டிய காலத்தில் அது பொறிக்கப்பட்டது. ஜபல்பூரை அடுத்த திரிபுரியிலிருந்து சேதி நாட்டை ஆண்ட களசூரி மன்னர், மத்தமயூரம் என்னும் மரபைச் சேர்ந்த துறவியரைப் போற்றி வரவேற்றனர். 'களிகொண்ட மயில்' என்பது அப்பெயரின் பொருள். அம்மரபில் வந்த பிரசாந்தசிவர் இங்குக் கோயில் எடுத்தார். அவர் மாணவர் பிரபோதசிவர் அதனருகே மடம் எடுத்தார்.

கனியும் கிழங்கும் உண்டு தவம் புரிய வந்தவர்கள், தவத்தோடு அமைந்துவிடவில்லை. பாறைகளை உடைத்து, மலையூடும் ஆற்றின் குறுக்கும் காட்டினூடும் பிரபோதசிவர் வழி சமைத்தார் என்கிறது கல்வெட்டு. கடல் போன்ற நீர்நிலை ஒன்றையும் அகழ்ந்தார். தம் ஆசிரியர் தோண்டிய கிணறு காலத்தால் தூர்ந்துபோக, அதனை மீண்டும் அகழ்ந்து கல்லால் கட்டுவித்தார். மன்னர் புகழ்பாடும் கல்வெட்டுகள் ஆயிரம் உண்டு; பழுதுபட்ட கிணற்றைப் பேசும் கல்வெட்டு நம் உள்ளத்தை ஏனோ கூடுதலாகத் தொடுகின்றது.

இனி, நமக்கும் இதற்கும் என்ன உறவு? அதே களசூரி நாட்டில் செழித்தது கோளகி மடம். அது பேடாகாட்டில் இருந்தது என்பர் ஒரு சாரார். ரேவாவை அடுத்த குர்கி என்பர் மற்றொரு சாரார். அம்மடத்தைச் சார்ந்த சோமசம்பு, 11ஆம் நூற்றாண்டில் சைவக் கிரியைகளுக்கு ஒரு பத்ததி இயற்றினார். 12ஆம் நூற்றாண்டில் நம் அகோரசிவாசாரியார் தம் கிரியாக்கிரமத்யோதிகையை எழுதும்போது அந்நூலைப் பெரிதும் தழுவினார். தமிழகத்துச் சிவாலயங்களில் ஆசாரியர் பலர் பின்பற்றுவது அகோரசிவர் நெறியே. நாம் இங்குக் கொணர்ந்ததாக எண்ணியதில் ஒரு பங்கு இங்கிருந்தே சென்றதாகும்! பிற்காலப் பாண்டியர் கல்வெட்டுகளிலும் கோளகி மடத்தார் இடம்பெறுகின்றனர்.

போக்குவரவு ஒரு வழிப்பட்டதன்று. கோளகி ஆசாரியர் வரிசையில் கேரளத்தில் பிறந்த விமலசிவர் என்பாரும் இருந்தார். இதனைக் கூறுவது ஆந்திர நாட்டு மல்காபுரத்துக் கல்வெட்டு, ஆண்டு 1261. காகதீய அரசி ருத்திரமதேவியிடம் ஊர்களைக் கொடையாகப் பெற்ற விசுவேசுவரசம்பு, அங்குக் கோயில், மடம், கல்விச்சாலை, அன்னசாலை, ஆரோக்கியசாலை, மகப்பேற்றுச் சாலை ஆகியவற்றை அமைத்தார். அன்னசாலையில் அந்தணர் முதல் சண்டாளர் ஈறாக வந்தவர் எவர்க்கும் உணவளிக்க வேண்டும் என்று அக்கல்லிலேயே விதித்தும் வைத்தார்.