அழைப்பும் பதிவேடும்

1837இல், பதினாறு வயதில், கடவுள் தன்னைத் தொண்டுக்கு அழைத்ததாக ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் எழுதிவைத்தார். குடும்பம் தடுத்தது, அழைப்பு வென்றது. 1854இல் 38 பெண்களுடன் கிரிமியப் போரில் காயமுற்றோரைப் பராமரிக்க ஸ்கூட்டரி மருத்துவமனைக்குச் சென்றார். இரவிலும் விளக்கேந்தி வார்டுகளைச் சுற்றிவந்தார். வேலையில் அப்படித் தோய்ந்துபோக அழைப்புணர்வு அவருக்கு வலுவூட்டியது.

அதே உணர்வு பின்னாளில் தடையாகவும் நின்றது. 1887இல் பிரிட்டிஷ் செவிலியர் சங்கத்தைத் தொடங்கிய எதெல் பெட்ஃபோர்ட் ஃபென்விக், தேர்வும் அரசுப் பதிவும் கோரினார். நற்குணத்தைத் தேர்வால் அளக்க முடியாதென்று நைட்டிங்கேல் எதிர்த்தார். இங்கிலாந்தில் பதிவுச் சட்டம் 1919இல்தான் வந்தது. பதிவேட்டின் முதல் பெயர் ஃபென்விக்.

ஒரு பெண் தன் வேலையை அழைப்பாக உணரலாம். அதைக் காட்டி அவளது உரிமையைப் பிறர் மறுக்கலாகாது.