பங்களோவின் பெரிய யன்னல்



பங்களோ என்ற சொல்லைக் கேட்டால் இலங்கையில் வளர்ந்த எங்களுக்கு மலைநாட்டுத் தோட்டத்துத் துரையின் பங்களாதான் ஞாபகத்துக்கு வரும். சொல் வங்காளத்தைச் சேர்ந்தது. அந்த ஊரின் ஒருமாடி வீட்டைப் பார்த்த ஆங்கிலேயர் பெயரையும் எடுத்தார்கள், அமைப்பையும் எடுத்தார்கள், உலகம் முழுக்கக் கொண்டுபோனார்கள். அகதிகளாக வந்து, அடுக்குமாடியிலும் மற்றவர்களின் பேஸ்மென்ற்றிலும் வருடக்கணக்காக இருந்து, பிறகு நம்மவர்கள் ஸ்காபரோவில் வாங்கிய வீடுகளில் கணிசமானவை இந்தப் பெயரையே தாங்கியவை. அவற்றைத் திருத்துபவர்களின் பற்றுச்சீட்டுகள் என் மேசைக்கு வருகின்றன. அதிகம் செலவாவது யன்னலுக்கு. அதிகம் கேட்கும் முறைப்பாடு, "மாத்தின பிறகும் வீடு இருட்டாத்தான் கிடக்கு" என்பது. இதற்கான காரணம் அந்த வீட்டின் சரித்திரத்தில் இருக்கிறது.

கனடாவின் பங்களோவுக்கு இரண்டு வழி உறவு. ஒன்று மேலே சொன்ன வங்காளம். மற்றது கலிபோர்ணியாவின் 'ராஞ்ச்' வீடு. சான் டியாகோவில் கிளிஃப் மே என்பவர், முறைப்படி கட்டடக்கலை படித்தவர் அல்ல, 1930களின் தொடக்கத்தில் பழைய ஸ்பானிய, மெக்சிக்கப் பண்ணை வீடுகளை மனதில் வைத்துத் தாழ்ந்த கூரை கொண்ட நீளமான வீடுகளைக் கட்டத் தொடங்கினார். 1946 இல் 'சன்செற்' சஞ்சிகையோடு சேர்ந்து அவர் வெளியிட்ட புத்தகம் இந்தப் பாணியை நாடு முழுக்கப் பரப்பியது. அந்த வீடுகளின் உயிர் நடுவில் இருந்த முற்றம். அறைகள் முற்றத்தைப் பார்த்துத் திறந்தன, வெளிச்சம் அங்கிருந்து வந்தது. எங்கள் ஊர் நாற்சார் வீட்டை அறிந்தவர்களுக்கு இதில் புதினம் ஒன்றும் இல்லை.

இந்தப் பாணி வடக்கே வரும்போது முற்றம் வழியிலேயே விடுபட்டுவிட்டது. யுத்தம் முடிந்து வந்த போர்வீரருக்கும் பெருகிய குடும்பங்களுக்கும் அவசரமாக வீடு தேவைப்பட்டது. 1944 இல் தேசிய வீடமைப்புச் சட்டம், 1946 இல் மத்திய அடமான, வீடமைப்புக் கூட்டுத்தாபனம், 1954 இல் வங்கிகளும் அரச காப்புறுதியுடன் வீட்டுக்கடன் கொடுக்கலாம் என்ற திருத்தம். கூட்டுத்தாபனம் சிறிய வீடுகளுக்கான வரைபடப் புத்தகங்களையும் வெளியிட்டது. 1951 இல் சுமார் 56 ஆயிரம் பேர் இருந்த ஸ்காபரோவில் 1961 இல் இரண்டு இலட்சத்துக்கு மேல். அந்தப் பத்து வருடத்தில் எழுந்த செங்கல் பங்களோக்கள்தான் இன்று நம்மவர்கள் குடியிருப்பவை. ஒரே வரைபடம், வீதியின் இரு பக்கமும். வரவேற்பறையின் பெரிய 'பிக்சர்' யன்னல் எப்போதும் வீதியைப் பார்க்கும், சூரியன் எந்தப் பக்கம் என்பதைப் பற்றிக் கவலையில்லை. ஆகவே ஒரு வரிசைக்குத் தெற்கு வெயில் கிடைத்தால் எதிர் வரிசைக்கு வடக்குக் குளிர். உங்கள் வீடு எந்த வரிசையில் இருக்கிறது என்பதை முதலில் பாருங்கள். வடக்கு பார்த்த வரிசைக்காரர் முன் யன்னலில் எவ்வளவு காசைக் கொட்டினாலும் குளிர்கால வெயில் வரப்போவதில்லை. அவர்களுக்கு வெளிச்சம் பின்பக்கம், குசினிப் பக்கம் இருக்கிறது.

கண்ணாடியின் கதையையும் சொல்லவேண்டும். அந்தக் காலத்தில் பெரிய கண்ணாடி இரண்டு வகை. இழுத்து எடுத்த தகட்டுக் கண்ணாடி மலிவு, ஆனால் அலை அலையாகத் தெரியும். அரைத்து மினுக்கிய கண்ணாடி தெளிவு, ஆனால் விலை. இங்கிலாந்தின் பில்கிங்ரன் கொம்பனியில் அலஸ்ரெயர் பில்கிங்ரன் (பெயர் ஒன்றாக இருந்தாலும் முதலாளி குடும்பத்தவர் அல்ல) உருகிய வெள்ளீயத்தின் மேல் உருகிய கண்ணாடியை மிதக்கவிடும் முறையை உருவாக்கி, அது 1959 இல் அறிவிக்கப்பட்டது. அதன் பிறகே தெளிவான பெரிய கண்ணாடி மலிந்தது. அதற்கு முன் கட்டிய வீடுகளில் பெரும்பாலும் ஒற்றைக் கண்ணாடி. மாரிக்கு வெளியில் இன்னொரு 'ஸ்ரோம்' யன்னலைத் தூக்கி மாட்டினார்கள். எண்ணெய் மலிவு, யாரும் கணக்குப் பார்க்கவில்லை.

1973 இல் எண்ணெய் விலை ஏறியதும் எல்லோரும் கணக்குப் பார்த்தார்கள். பெரிய யன்னல் குற்றவாளியானது. சிலர் பாதியை அடைத்தார்கள், சிலர் தடித்த திரை போட்டார்கள். இந்த நேரத்தில்தான் அமெரிக்காவின் லோறன்ஸ் பேர்க்லி ஆய்வுகூடத்தின் ஆதரவுடன், கண்ணுக்குத் தெரியாத மெல்லிய உலோகப் பூச்சு வளர்த்தெடுக்கப்பட்டது. 1980களில் கடைக்கு வந்தது. 'லோ-ஈ' என்பது இதுதான். வெளிச்சத்தை விடும், அறையின் வெப்பத்தைத் திருப்பி உள்ளே அனுப்பும். ஒற்றைக் கண்ணாடியின் வெப்பத்தடை ஏறத்தாழ ஆர்-1, இரட்டைக்கு ஆர்-2, பூச்சும் ஆர்கன் வாயுவும் சேர்ந்தால் ஆர்-3க்கு மேல். பெரிய யன்னலைக் குற்றம் சாட்டும் காலம் அத்தோடு முடிந்திருக்க வேண்டும்.

நம் வீடுகளில் முடியவில்லை. இரண்டு காரணம் சொல்வேன். ஊரில் யன்னல் என்றால் மரக்கதவும் இரும்புக் கம்பியும். வீதியால் போகிறவனுக்கு வரவேற்பறை முழுக்கத் தெரியும் கண்ணாடிச் சுவர் எங்கள் அம்மாமாருக்குப் பிடிக்கவில்லை. இரவில் வெளிச்சம் வெளியே தெரியக்கூடாது என்று வருடக்கணக்காக விளக்கைத் தணித்து வாழ்ந்தவர்களிடம் திரையைத் திற என்று சொல்வது லேசல்ல. மெல்லிய வெள்ளைத் திரை பகலில் மறைப்பையும் கொடுக்கும், வெளிச்சத்தையும் விடும். தடித்த திரை இரவுக்கு. நான் கண்ட அளவில் இந்த ஏற்பாட்டுக்கு அம்மாமார் சம்மதிக்கிறார்கள்.

மற்றக் காரணம் வியாபாரம். பழைய மரச்சட்டத்தைக் கழற்றாமல் அதற்குள்ளேயே புதிய பிளாஸ்ரிக் சட்டத்தைச் செருகும் முறை மலிவு, ஒரு நாளில் முடியும். ஆனால் சட்டத்துக்குள் சட்டம் வரும்போது நான்கு பக்கமும் கண்ணாடி குறைகிறது. சிறிய படுக்கையறை யன்னலில் இந்த இழப்பு நன்றாகத் தெரியும். அதனால்தான் காசு கொடுத்து இருட்டை வாங்கியதுபோல் இருக்கிறது. விலைமனு கேட்கும்போது முழுச்சட்டத்தையும் கழற்றிப் போடுவதற்கும் விலை கேளுங்கள், கண்ணாடியின் அளவை எழுதித் தரச் சொல்லுங்கள். கண்ணாடிகளுக்கு இடையில் புகார் படிந்திருந்தால் சட்டம் நல்லதாக இருக்கும்வரை கண்ணாடித் தொகுதியை மட்டும் மாற்றலாம். கதவைத் தட்டி வரும் விற்பனையாளர் இதைச் சொல்லமாட்டார்.

கணக்காளனாக ஒரு வார்த்தை. எரிபொருள் மிச்சத்தில் யன்னல் காசு திரும்பி வரும் என்பதை நம்பவேண்டாம், அதற்குப் பல வருடம் எடுக்கும். கூரைக்குக் கீழே காப்புப் போடுவதும் காற்றுப் புகும் வெடிப்புகளை அடைப்பதும் முதலில் வரவேண்டிய செலவு. 2021 மே மாதம் தொடங்கிய மத்திய அரசின் பசுமை வீட்டு மானியம் ஒரு யன்னல் திறப்புக்கு 125 அல்லது 250 டொலர் கொடுத்தது. வேலைக்கு முன்பே வீட்டைப் பரிசோதிக்க வேண்டும் என்ற நிபந்தனையைக் கவனிக்காமல் அதை இழந்தவர்கள் உண்டு. 2024 பெப்ரவரியில் புதிய விண்ணப்பங்கள் நிறுத்தப்பட்டன. யன்னலை மாற்றுவது இருப்பவர்களின் சுகத்துக்காக என்று நினைத்துச் செலவு செய்தால் மனம் நோகாது.

1976 இல்தான் கனடாவில் உள்வீட்டுப் பூச்சில் ஈயத்துக்குச் சட்டக் கட்டுப்பாடு வந்தது. 1950களின் யன்னல் சட்டத்தைச் சுரண்டும்போது அந்தத் தூசு பறக்கும். குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் வீட்டில் வைத்துக்கொண்டு அந்த வேலை செய்யக்கூடாது. குசினிக்கும் வரவேற்பறைக்கும் இடையிலுள்ள சுவரை உடைத்தால் பின்பக்க வெளிச்சம் முன்னுக்கு வரும், உண்மைதான். ஆனால் பங்களோவின் நடுச்சுவர் பெரும்பாலும் பாரம் தாங்கும் சுவர். பொறியியலாளரின் வரைபடமும் நகரசபை அனுமதியும் இல்லாமல் சம்மட்டியைத் தூக்கவேண்டாம்.

பேஸ்மென்ற்றைக் கடைசிக்கு வைத்தேன். அது முதலில் திருத்தவேண்டியது. 1950களில் அது சூளைக்கும் உடுப்புத் தோய்ப்பதற்கும் கட்டிய இடம், யன்னல் காற்றோட்டத்துக்கு மட்டும். அந்தச் சிறு யன்னலின் கீழ் நம்மில் எத்தனை பேர் முதல் மாரியைக் கழித்தோம். இன்று அங்கே படிக்க வந்த பிள்ளைகள் வாடகைக்கு இருக்கிறார்கள். ஒன்ராறியோ கட்டட விதிக்கோவை படுக்கையறைத் தளத்தில் தப்பிச்செல்லும் யன்னலுக்குக் கேட்கும் திறப்பு 0.35 சதுர மீற்றர், எந்தப் பக்கமும் 380 மில்லிமீற்றருக்குக் குறையாமல், உள்ளிருந்து கருவி இல்லாமல் திறக்கக்கூடியதாக. ஒரு அளவுநாடா போதும். இந்த வாரக் கடைசியில் கீழே இறங்கி அளந்து பாருங்கள். குறைவாக இருந்தால் முன் யன்னலுக்குச் சேர்த்து வைத்திருக்கும் காசை முதலில் அங்கே போடுங்கள்.