தீவகத்தின் நிலமும் நீரும்: ஒரு விளையாட்டை முன்னிட்ட வரலாற்று நோக்கு

இன்றைய மாணவர் கணினியிலும் கைப்பேசியிலும் ஆடும் விளையாட்டுகளுள் ‘மைன்கிராவ்ட்’ பெரிதும் பெயர்பெற்றது. சுவீடன் நாட்டில் உருவாகி 2011இல் முழுவடிவில் வெளிவந்த இவ்விளையாட்டு, ஆடுபவனை முன்பின் அறியாத ஓர் உலகிலே தனியனாக இறக்கிவிடுகின்றது. அவன் கையிலுள்ள நிலப்படம் முதலில் வெறுந்தாளே. அவன் சென்றுவந்த இடம் மாத்திரம் அதிற் படிப்படியாகத் துலங்கும். பாலை, புல்வெளி, சதுப்பு, பனிநிலம் என வேறுவேறான நிலங்கள் ஒன்றையடுத்து ஒன்றாக வரும். 2022இற் கண்டற்காடும் சேர்க்கப்பட்டது. உயிர்பிழைத்தற்பொருட்டு அவன் மரந்தறிக்க வேண்டும், உணவு தேட வேண்டும், இருள்வதற்கு முன் உறையுள் அமைக்க வேண்டும். அவனுக்குப் பசி உண்டு, தாகம் இல்லை. கடல்நீர், ஆற்றுநீர் என்ற வேறுபாடும் அங்கில்லை. சிறு குழியொன்றின் எதிரெதிர் மூலைகளில் இரு வாளி நீரை ஊற்றினால் அது என்றும் வற்றாத ஊற்றாகிவிடும்.

தீவகத்திற் பிறந்த ஒருவன் இவ்விளையாட்டை அமைத்திருப்பின் தாகத்தையே முதல் விதியாக வைத்திருப்பான். இவ்வெண்ணமே இக்கட்டுரைக்கு வித்து. நடந்தவன் கண்ட இடமே படத்தில் தோன்றும் என்பது உண்மையாயின், நம் தீவகத்தின் படத்தை வரைந்தோர் எவ்வழியே வந்தனர், எதனைக் கண்டனர், எதனைக் காணாதுவிட்டனர் என நோக்குதல் தகும்.

நிலத்தை வகைப்படுத்தி, அவ்வவற்றிற்குரிய மரம், விலங்கு, தொழில் ஆகியவற்றை இணைத்துக் காணும் முறை நமக்குப் புதிதன்று. தொல்காப்பியர் முல்லை, குறிஞ்சி, மருதம், நெய்தல் என நிலத்தை நான்காகப் பகுத்தார். பாலைக்குத் தனி நிலம் கூறினாரல்லர். முல்லையும் குறிஞ்சியும் வெம்மையால் திரிந்த நிலையே பாலை என்பது சிலப்பதிகாரம் தரும் விளக்கம். தீவகத்தில் மலையின்மையாற் குறிஞ்சி இல்லை. கரையெங்கும் நெய்தல். வேலணையிலும் புங்குடுதீவிலும் மாரிமழையை நம்பி விளையும் வயல்கள் மருதத்தின் சாயல் பெற்றவை. நெடுந்தீவின் தென்பாகத்தில் ஆநிரை மேயும் தரவை முல்லையை ஒத்தது. ஆனால் ஆவணியில் அதே தரவையிற் சென்று நிற்பவர், பாலைக்கு ஏன் தனி நிலம் கூறப்படவில்லை என்பதை உரையாசிரியரின் உதவியின்றியே விளங்கிக்கொள்வர்.

வெளியார் வரைந்த படம் கடல்வழியே வந்தது. நயினாதீவிலுள்ள முதலாம் பராக்கிரமபாகுவின் தமிழ்க் கல்வெட்டு 12ஆம் நூற்றாண்டிற்குரியது, பேராசிரியர் கா. இந்திரபாலா அதனை 1963இல் ஆராய்ந்து வெளியிட்டார். ஊராத்துறைக்கு, அதாவது இன்றைய ஊர்காவற்றுறைக்கு, வரும் அயல்நாட்டு வணிகரைப் பற்றியது அது. யானையும் குதிரையும் ஏற்றிவரும் கலம் உடையின் நாலில் ஒரு பங்கு அரச பண்டாரத்திற்கும் மூன்று பங்கு உடையவனுக்கும் உரியன. பிற பண்டங்கள் ஏற்றிய கலமாயின் சரிபாதி. உடைந்த கலத்தின் பண்டத்தையும் கணக்கிட்டுப் பகுக்கும் இவ்வாணை தீவகத்தைத் துறைமுகமாகக் காண்கிறது.

ஒல்லாந்தரும் கப்பலின் மேற்றட்டிலிருந்தே பெயரிட்டனர். காரைதீவு அம்ஸ்ரடாம் ஆயிற்று, வேலணைத்தீவு லெய்டன், புங்குடுதீவு மிடல்பேர்க், நயினாதீவு ஹார்லம், அனலைதீவு றொட்டர்டாம், நெடுந்தீவு டெல்வ்ற். இவற்றுள் அம்ஸ்ரடாம், மிடல்பேர்க், றொட்டர்டாம், டெல்வ்ற் ஆகிய நான்கும் அவர்தம் கிழக்கிந்தியக் கம்பனியின் கிளைச்சபைகள் இயங்கிய நகரங்கள். முதலிட்டவர் பட்டியலையே தீவுகளின்மேல் எழுதிவைத்தனர் எனின் மிகையாகாது. அப்பெயர்களுள் டெல்வ்ற் மட்டுமே இன்றும் ஆங்கில வழக்கில் வாழ்கின்றது.

ஆயினும் நீர் அவர்களையும் விடவில்லை. ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடைப்பட்ட கடலிலே போர்த்துக்கேயர் கட்டிய கோட்டையை 1658இல் ஒல்லாந்தர் முற்றுகையிட்டனர். உள்ளே குடிநீர் அற்றுப்போனமையாற் காவலிருந்தோர் பணிந்தனர். நாற்புறமும் நீர் சூழ்ந்த கோட்டை நீரின்மையால் வீழ்ந்தது! இலங்கையைப் பன்றித்தொடையாக உருவகித்து, அதன் குதிகாலிலிருப்பது இக்கோட்டை எனக் கருதி, ஒல்லாந்தர் அதற்கு ஹம்மன்ஹீல் எனப் பெயரிட்டனர்.

தீவகத்தில் ஆறில்லை. வடகீழ்ப் பருவமழை சுண்ணக்கல்லிலும் மணலிலும் இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின்மேல் வில்லைபோல மிதக்கின்றது. நன்னீரின் அடர்த்தி சற்றே குறைவானமையால், நிலத்தடி நீர்மட்டம் கடல்மட்டத்திற்கு மேல் ஓர் அடி உயர்ந்திருப்பின் அதன்கீழ் ஏறத்தாழ நாற்பது அடி நன்னீர் இருக்கும். மேலே ஓர் அடி குறையின், காலப்போக்கிற் கீழே உவர்நீர் நாற்பதடி ஏறும். இக்கணக்கை 19ஆம் நூற்றாண்டின் இறுதியிற் கண்டவர்களுள் ஒருவர் பாடொன் கைபென் என்னும் ஒல்லாந்தப் பொறியியலாளர் என்பது சுவையான பொருத்தம். அவருடைய முன்னோர் தீவகத்தை ஆண்ட காலத்தில், நம்மவர் கணக்கறியாமலே கிணற்றை ஆழத் தோண்டாதும், பட்டை கொண்டு அளவாக இறைத்தும், மணலிற் பூவல் அகழ்ந்தும் வாழ்ந்தனர். நெடுந்தீவிலே நன்னீருக்குச் சாராப்பிட்டிக் கிணறுகள் பெயர்பெற்றவை. பிற இடங்களிற் குளிக்கும் கிணறு வேறு, குடிக்கும் கிணறு வேறு.

அறியாது வந்து சிக்கியவை நெடுந்தீவுக் குதிரைகளே. ஐரோப்பியர் காலத்தில் வந்த இவை, பிரித்தானிய அதிகாரி நோலன் காலத்திற் பேணி வளர்க்கப்பட்டன; இலாயத்தின் தூண்கள் இன்றும் நிற்கின்றன. கைவிடப்பட்டபின் அவை தரவையில் தாமாகப் பெருகின. சாந்தின்றி அடுக்கிய பவளக்கல் வேலிகளுக்கு அப்பால் அவை நீர்தேடி அலைவதையும், கடும் வரட்சி ஆண்டுகளில் மடிவதையும் ஊரவர் அறிவர். 2015இல் தரவையின் பெரும்பகுதி தேசிய பூங்காவாக அறிவிக்கப்பட்டபோதும் மழை அறிவித்தலுக்குக் கட்டுப்படவில்லை.

எக்கிணறு எம்மாதத்தில் உவர்க்கும், எக்கேணி எத்தனை குடும்பத்தைத் தாங்கும் என்ற அறிவு ஒல்லாந்தர் படத்தில் இல்லை. நில அளவைப் படத்திலும் இல்லை. குடம் சுமந்து நடந்த பெண்களின் நினைவிலேயே அது இருந்தது. 1990, 1991ஆம் ஆண்டுகளிற் போரினாலே தீவகத்தின் பெரும்பகுதி மக்கள் ஊரைவிட்டகன்றனர். பலர் மீளவில்லை, அவருட் பலர் இன்று ரொறன்ரோவிலும் பாரிசிலும் முதுமையடைந்துள்ளனர். குழாய்நீரும் தாங்கிவண்டியும் வந்தபின் ஊரிலிருக்கும் இளையோர்க்கும் அவ்வறிவு வேண்டப்படுவதில்லை. தீவக மாணவர் விடுமுறையிற் குறிகட்டுவானிலே படகேறும்போது ஒரு குறிப்பேட்டையும் கொண்டுசெல்லலாம். கிணற்றின் பெயர், நீர்மட்டத்தின் ஆழம், உவர்க்கத் தொடங்கும் மாதம் ஆகிய மூன்றை எழுதிவந்தாற் போதும். பாட்டியின் தொலைபேசி இலக்கம் எவரிடமும் இருக்கும். பெயரை அங்கே கேட்டுத் திருத்திக்கொள்ளலாம்.