படைக்கலமின்றிக் கூடும் உரிமை: கொங்கு நாட்டில் துப்பாக்கிக் கட்டுப்பாடும் துப்பாக்கிச் சூடும்

ஆய்வுச் சுருக்கம்

குடிமக்களின் படைக்கலங்களைக் கட்டுப்படுத்திய சட்டங்களின் வரலாறும், கூட்டங்களின்மீது அரசு நடத்திய துப்பாக்கிச் சூடுகளின் வரலாறும் தமிழக வரலாற்றெழுத்தில் தனித்தனியாகவே எழுதப்பட்டு வந்துள்ளன. இக்கட்டுரை கொங்கு நாட்டைக் களமாகக் கொண்டு இவ்விரண்டையும் இணைத்து நோக்குகிறது. படைக்கலத்தைக் கைவிட்ட குடிமக்களுக்கு அரசியலமைப்பு அளித்த ஈடே அமைதியாகக் கூடும் உரிமை என்பதும், அவ்வீட்டைக் காக்கும் விதிகள் குடிமக்களின் துப்பாக்கியைக் கட்டுப்படுத்தும் விதிகளைப்போல் வலுவாக வளரவில்லை என்பதும் இக்கட்டுரையின் கருதுகோள்கள்.

திறவுச்சொற்கள்: படைக்கலச் சட்டம், உரிமம், துப்பாக்கிச் சூடு, கொங்கு நாடு, பெருமாநல்லூர், விவசாயிகள் இயக்கம்.

முன்னுரை

ஒரு பெருந்துப்பாக்கிச் சூட்டிற்குப் பின் எழும் விவாதம் நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது. 1996-இல் ஆஸ்திரேலியாவின் போர்ட் ஆர்தரில் 35 பேர் கொல்லப்பட்டபின், இரு வாரங்களுக்குள் அந்நாடு தேசியத் துப்பாக்கி உடன்பாட்டை எட்டியது. அமெரிக்காவின் நியூடவுன் பள்ளியில் 2012 டிசம்பரில் 20 குழந்தைகள் உட்பட 26 பேர் கொல்லப்பட்டும், துப்பாக்கி வாங்குவோரின் பின்னணியைச் சரிபார்க்கும் முறையை விரிவாக்கும் முயற்சி அடுத்த ஆண்டு அந்நாட்டு மேலவையில் தோல்வியுற்றது. 1791-இல் ஏற்கப்பட்ட இரண்டாம் அரசியலமைப்புத் திருத்தம் அங்கு விவாதத்தின் மையமாக நிற்கிறது. இரு நாடுகளிலும் சுட்டவர் தனிமனிதர். ஆகவே தனிமனிதர் துப்பாக்கி வைத்திருக்கலாமா என்பதே கேள்வி.

கொங்கு நாட்டின் பட்டறிவு வேறு. கடந்த நூற்றாண்டில் இங்குக் கூட்டமாக மக்கள் சுடப்பட்ட நிகழ்வுகளாக நினைவில் நிற்பவற்றுள் பெரும்பாலானவற்றில் சுட்டது அரசின் துப்பாக்கி. கோவை ஸ்டேன்ஸ் ஆலைத் தொழிலாளர்கள் (1946), பொள்ளாச்சி மொழிப்போராட்டக்காரர்கள் (1965), பெருமாநல்லூர் உழவர்கள் (1970) என இப்பட்டியல் நீள்கிறது. இந்நிலையில் மேலை நாட்டு விவாதத்தை அப்படியே இங்குப் பொருத்துவது வரலாற்றுப் பிழையாகும். எனினும் துப்பாக்கி உரிமை என்னும் கேள்வி தமிழ் மண்ணுக்கு அயலானதும் அன்று. அது இங்கு எப்போது எழுந்தது, எவ்வாறு தீர்க்கப்பட்டது, அத்தீர்வின் மறுபாதி என்னவாயிற்று என்பவற்றை இனிக் காணலாம்.

படைக்கல நீக்கம்

1799-இல் திப்பு சுல்தான் வீழ்ந்தபின் கோயம்புத்தூர்ப் பகுதி கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிக்குள் வந்தது. அடுத்த ஆண்டே, 1800 சூன் 3 அன்று, கோவைக் கோட்டையைத் தாக்கக் கிளர்ச்சியாளர்கள் திட்டமிட்டனர். அம்முயற்சி முறியடிக்கப்பட்டுப் பலர் தூக்கிலிடப்பட்டனர். ஓடாநிலையில் கோட்டை கட்டிப் போரிட்ட தீரன் சின்னமலை 1805 சூலை 31 அன்று சங்ககிரியில் தூக்கிலிடப்பட்டதாகக் குறிக்கப்படுகிறது.

இவ்விரு நிகழ்வுகளுக்கும் இடையே, 1801 டிசம்பர் 1 அன்று, சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவ் தென்பாளையங்களுக்கு விடுத்த அறிவிக்கை கோட்டைகளை இடிக்கவும் படைக்கலங்களை ஒப்படைக்கவும் ஆணையிட்டது. கிளர்ச்சி நேர்ந்ததும் மக்களின் படைக்கலங்களைக் களைவது என்னும் ஆட்சி முறையை இங்குத் தெளிவாகக் காண்கிறோம். 1857-இன் எழுச்சிக்குப்பின் இம்முறை இந்தியா முழுமைக்கும் சட்டமாயிற்று. 1857, 1860 ஆகிய ஆண்டுகளின் சட்டங்களைத் தொடர்ந்து லிட்டன் பிரபு காலத்தில் 1878-ஆம் ஆண்டின் 11-ஆம் சட்டம் பிறந்தது.

அச்சட்டம் கட்டுப்படுத்தியது துப்பாக்கியை மட்டுமன்று. துப்பாக்கி ஏந்துவோர் யார் என்பதையும் அது வரையறுத்தது. ஐரோப்பியர்களுக்கு அதன் விதிகள் விலக்களித்தன. கோவைக்கு மேலேயுள்ள நீலகிரியில் இவ்வேறுபாடு கண்கூடானது. 1879-இன் நீலகிரி வேட்டை விலங்குகள், மீன்கள் பாதுகாப்புச் சட்டம் வேட்டையை உரிமத்துக்குட்பட்ட பொழுதுபோக்காக ஒழுங்குபடுத்தியது. தோட்ட உரிமையாளரின் துப்பாக்கி விளையாட்டுக் கருவியாகவும் மலைவாழ் மக்களின் துப்பாக்கி குற்றக் கருவியாகவும் பார்க்கப்படும் நிலை உருவாயிற்று.

உரிமையாகக் கோரப்பட்ட துப்பாக்கி

இவ்விழிவை எதிர்த்த குரல் சென்னையிலேயே ஒலித்தது. 1887 டிசம்பரில் சென்னையில் கூடிய காங்கிரசின் மூன்றாம் மாநாட்டில் படைக்கலச் சட்டத்தை மாற்றக் கோரும் தீர்மானம் நிறைவேறியது. பிபின் சந்திர பால் அச்சட்டத்திற்கு எதிராக வன்மையாகப் பேசினார். மக்களின் பற்றுறுதியை ஐயுறும் சட்டம் அது என்பதே அன்றைய முறையீட்டின் சாரம்.

அறவழிப் போராட்டத்தின் தலைவரும் இக்கோரிக்கையைக் கைவிடவில்லை. 1930 சனவரியில் காந்தியடிகள் வைசிராய் இர்வினுக்கு முன்வைத்த பதினொரு கோரிக்கைகளுள் ஒன்று, தற்காப்புக்கான துப்பாக்கி உரிமங்களை மக்கள் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டு வழங்குதல் என்பதாகும். 1931-இன் கராச்சி அடிப்படை உரிமைத் தீர்மானத்திலும், விதிகளுக்குட்பட்டுப் படைக்கலம் வைத்திருக்கும் உரிமை இடம்பெற்றது.

‘மக்கள் கட்டுப்பாடு’ என்னும் கருத்து ஈண்டுக் கவனத்திற்குரியது. துப்பாக்கியைக் கட்டுப்படுத்த வேண்டுமா என்பது காந்தியடிகளின் கேள்வியாக இல்லை. கட்டுப்படுத்துவோர் யாருக்குப் பொறுப்புடையவர் என்பதே அவர் எழுப்பிய கேள்வி.

1948-இன் முடிவு

இவ்வளவு நெடிய கோரிக்கை விடுதலைக்குப்பின் உரிமையாக மலரவில்லை. 1948 டிசம்பரில் அரசியலமைப்பு நிர்ணய சபையில் எச்.வி. காமத் படைக்கலம் ஏந்தும் உரிமையை அடிப்படை உரிமைகளுள் சேர்க்கத் திருத்தம் கொண்டுவந்தார். அம்பேத்கர் அதனை எதிர்த்தார். திருத்தம் ஏற்கப்படவில்லை. பிரிவினைக் கொலைகளும் காந்தியடிகளின் படுகொலையும் நிகழ்ந்து ஓராண்டு கடந்தும் கடவாத காலம் அது.

உருவான அரசியலமைப்பின் உறுப்பு 19(1)(ஆ) குடிமக்களுக்கு ‘அமைதியாகவும் படைக்கலமின்றியும்’ கூடும் உரிமையை அளித்தது. அமெரிக்க அரசியலமைப்பில் படைக்கலம் ஏந்துதலும் கூடுதலும் இருவேறு திருத்தங்களில் இருவேறு உரிமைகளாக நிற்கின்றன. இந்தியாவிலோ படைக்கலமின்மையே கூடும் உரிமையின் நிபந்தனை. துப்பாக்கியைக் கோரிய தலைமுறை, ஆட்சிக்கு வந்தபின் அதனை விடுத்து, அதனிடத்தில் கூடும் உரிமையைப் பெற்றது எனலாம். 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் இராசேந்திர சிங் வழக்கில் அமெரிக்க நிலையோடு ஒப்பிட்டு, இந்தியாவில் உரிய அனுமதியின்றிப் படைக்கலம் ஏந்தும் உரிமை எவருக்கும் இல்லை எனக் குறிப்பிட்டதும் இவ்வரலாற்றின் தொடர்ச்சியே.

1959-இன் படைக்கலச் சட்டம் இனவேறுபாடற்ற உரிம முறையை நிறுவியது. அதன் இரு கூறுகள் கொங்கு வேளாண் சமூகத்தைப் பொறுத்தவரை முதன்மையானவை. ஒன்று, பிரிவு 13(3): உண்மையான பயிர்க் காப்புக்காகக் குழல்வாய் வழியே மருந்திடும் நாட்டுத் துப்பாக்கி கேட்பவருக்கு உரிமம் வழங்க அது வழிசெய்கிறது. மற்றொன்று, பிரிவு 14(2): போதிய சொத்து இல்லை என்ற ஒரே காரணத்திற்காக உரிமத்தை மறுத்தலாகாது என்கிறது. துப்பாக்கி சொத்துடையோரின் அடையாளமாக இருந்த நிலைக்கு இஃது எழுத்தளவில் முற்றுப்புள்ளி வைத்தது.

நடைமுறை அவ்வாறு அமையவில்லை. 1972-இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்திற்குப்பின் பயிர்க் காப்புத் துப்பாக்கியின் பயன் சுருங்கிற்று. மேற்குத்தொடர்ச்சி மலையடிவாரத்தில் காட்டுப்பன்றிகளுக்கு எதிராக ‘அவுட்டுக்காய்’ என்னும் நாட்டு வெடி மறைவாகப் பயன்பட்டு, யானைகளின் வாயையும் சிதைத்து வருகிறது. உரிமத்துக்குட்பட்ட கருவி மறையும் இடத்தில் கணக்கில் வராத கருவி நுழைவதற்கு இது சான்று. 2025-இல் காப்புக்காட்டு எல்லையிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் பயிரழிக்கும் காட்டுப்பன்றிகளை வனத்துறையினரே சுடலாம் எனத் தமிழக அரசு முடிவு செய்தபோதும், துப்பாக்கி அரசின் கையிலேயே நின்றது.

பெருமாநல்லூரும் அதன் பின்னும்

கொங்கு நாட்டின் கிணற்றுப் பாசனம் மின்சாரத்தோடு பிணைந்தது. 1930-களில் பைக்காரா மின்திட்டம் கோவைக்கு மின்சாரம் தந்தபின் ஆலைகளும் மின்னியந்திரக் கிணறுகளும் பெருகின. ஆகவே அலகுக்கு ஒரு பைசா என்பது நகரத்தாருக்குச் சிறுதொகையாகத் தோன்றினும், ஆழக்கிணற்றை நம்பிய உழவருக்கு அஃது ஆண்டுக் கணக்கையே மாற்றும் தொகை. இதனை எதிர்த்து எழுந்த போராட்டத்தின்போது, 1970 சூன் 19 அன்று பெருமாநல்லூரில் காவல்துறை சுட்டதில் மூன்று உழவர்கள் உயிரிழந்தனர். 1972-இல் உழவர்கள் கட்டை வண்டிகளைக் கோவை நகருக்குள் கொண்டுவந்து நிறுத்தினர். அவ்வாண்டுப் போராட்டத்திலும் துப்பாக்கிச் சூடுகள் நிகழ்ந்தன. சூலை 5 இன்றளவும் உழவர் தியாகிகள் நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. வையம்பாளையம் சி. நாராயணசாமி நாயுடுவின் தலைமையில் வலுப்பெற்ற விவசாயிகள் இயக்கம் இந்நினைவின்மீது எழுந்தது.

இந்நிகழ்வுகளுக்குப்பின் உழவர்கள் எழுப்பிய கோரிக்கைகள் மின்கட்டணம், கடன், வழக்குகள் திரும்பப் பெறுதல் ஆகியவற்றைப் பற்றியன. தமக்குத் துப்பாக்கி வேண்டும் என்பது இயக்கத்தின் கோரிக்கையாகவில்லை. சின்னமலையைத் தம் முன்னோடியாகப் போற்றும் ஒரு சமூகம், சுடப்பட்டபின்னும் படைக்கலத்தைக் கோராமல் மீண்டும் கூட்டத்தையே கூட்டியது. 1948-இன் உடன்பாட்டைக் குடிமக்கள் தரப்பு காத்தமைக்கு இதனினும் தெளிவான சான்று அரிது.

மாற்றுக் கருத்துகள்

இவ்வாதத்திற்கு இரு மறுப்புகள் எழக்கூடும். குடிமக்களிடம் துப்பாக்கி இருந்திருப்பின் அரசு சுடத் தயங்கியிருக்கும் என்பது முதலாவது. இவ்வாதம் ‘குடிமக்கள்’ என்போரை ஒரே திரளாகக் கொள்கிறது. நிலமும் சாதியும் ஏற்றத்தாழ்வாக அமைந்த சமூகத்தில் படைக்கலமும் அவ்வாறே பங்கிடப்படும். பீகாரின் இலட்சுமண்பூர் பாதேயில் 1997 டிசம்பர் 1 அன்று நிலவுடைமையாளர்களின் தனிப்படை 58 தலித் மக்களைச் சுட்டுக் கொன்றது. படைக்கல நீக்கத்தைக் காலனிய இழிவாக மட்டும் காண்போர், அந்நீக்கத்தின் பாதுகாப்பைப் பெற்ற நிலமற்ற உழைப்பாளியைக் காணத் தவறுகின்றனர்.

கூட்டங்கள் எப்போதும் அமைதியாக இருப்பதில்லை, காவலர்களும் தாக்கப்படுகின்றனர் என்பது இரண்டாவது. இதுவும் மெய்யே. கோவையில் 1997 நவம்பரில் காவலர் ஒருவர் கொல்லப்பட்டதையடுத்துக் கலவரமும் துப்பாக்கிச் சூடும் நிகழ்ந்து 18 முஸ்லிம்கள் உயிரிழந்தனர். 1998 பிப்ரவரி 14 தொடர் குண்டுவெடிப்பில் 58 பேர் உயிரிழந்தனர். நீதிபதி கோகுலகிருஷ்ணன் ஆணையம் இவ்விரண்டையும் விசாரித்தது. அரசு ஒருபோதும் சுடலாகாது என்பது இக்கட்டுரையின் கருத்தன்று. சுட்டபின் கணக்குக் காட்டும் கடமை அதற்கு எந்த அளவுக்கு உண்டு என்பதே இங்கு எழுப்பப்படும் கேள்வி.

இரு கட்டுப்பாடுகளின் ஒப்பீடு

குடிமகனின் துப்பாக்கிக்கு எண் உண்டு, உரிமம் உண்டு, புதுப்பிக்கும் காலம் உண்டு. தேர்தல் அறிவிப்பு வந்ததும் உரிமம் பெற்ற துப்பாக்கிகளை ஒப்படைக்கச் செய்வது வழக்கம். 2019-இன் திருத்தம் ஒருவர் வைத்திருக்கும் துப்பாக்கிகளின் உச்ச எண்ணிக்கையை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. கொண்டாட்டத்தில் பிறருக்கு ஊறு நேரும் வகையில் சுடுவதையும் குற்றமாக்கியது.

அரசின் துப்பாக்கிக்கும் விதிகள் உள. கூட்டத்தைக் கலைப்பதற்கான பிரிவுகள் குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலும், 2024 முதல் அதற்கு மாற்றான சட்டத்திலும் இடம்பெற்றுள்ளன. படையினர் இயன்ற அளவு குறைந்த வலிமையையே பயன்படுத்த வேண்டும் என்பதும் விதியே. ஆயின் அப்பிரிவுகளின்கீழ்ச் செயல்பட்டவர்மீது வழக்குத் தொடர அரசின் முன்னனுமதி வேண்டும். காவல்துறையில் ஒவ்வொரு தோட்டாவுக்கும் கணக்கு எழுதப்படுகிறது. அக்கணக்கு மக்கள்முன் வருவதற்கு ஓர் ஆணையம் அமைய வேண்டியுள்ளது. பொள்ளாச்சியில் 1965 பிப்ரவரி 12 அன்று உயிரிழந்தோர் எத்தனை பேர் என்பதில் அரசுத் தரப்புக்கும் மக்கள் நினைவுக்கும் இடையே இன்றும் பெரும் வேறுபாடு நிலவுகிறது. இறந்தோரின் எண்ணிக்கையே உறுதிப்படாத இடத்தில் பொறுப்பை உறுதிப்படுத்துவது எங்ஙனம்?

2018 மே 22 தூத்துக்குடித் துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் உயிரிழந்தனர். நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையம் தன் இறுதி அறிக்கையை அளிக்க 2022 மே வரை ஆயிற்று. காவல்துறையினர் 17 பேர்மீது நடவடிக்கை எடுக்க அது பரிந்துரைத்தது. ஆயினும் விசாரணை ஆணையத்தின் முடிவு நீதிமன்றத் தீர்ப்பாகாது. அதனை ஏற்பதும் விடுப்பதும் அரசின் விருப்பமே. குடிமகனின் துப்பாக்கி சுடுவதற்கு முன்பே கட்டுப்படுத்தப்படுகிறது. அரசின் துப்பாக்கிக்குரிய வெளிப்படையான கேள்விகளோ சுட்டு முடிந்தபின்னரே தொடங்குகின்றன.

முடிவுரை

கொங்கு நாட்டில் துப்பாக்கிக் கட்டுப்பாடு 1801 முதல் படிப்படியாக வலுப்பெற்று, 1948-இல் ஓர் உடன்பாடாக நிலைபெற்றது. அவ்வுடன்பாட்டின்படி குடிமக்கள் படைக்கலத்தை விட்டனர். கூடும் உரிமையைப் பெற்றனர். தனியார் துப்பாக்கியைத் தளர்த்துவது இவ்வரலாற்றிலிருந்து பெறத்தக்க பாடமன்று. காந்தியடிகள் 1930-இல் துப்பாக்கி உரிமங்களுக்குக் கோரிய மக்கள் கட்டுப்பாட்டை அரசின் துப்பாக்கிக்கும் விரிப்பதே அப்பாடம். சூட்டுக்கு ஆணையிட்டவர் யார், எத்தனை தோட்டாக்கள் சுடப்பட்டன, எத்தனை பேர் இறந்தனர் என்பவற்றைக் குறித்த காலத்திற்குள் சட்டப்படி வெளியிடுவது அதன் முதற்படியாகலாம். பெருமாநல்லூர் நினைவிடத்தில் உழவர்கள் ஆண்டுதோறும் வெறுங்கையோடு கூடி வணங்குகின்றனர். அவர்கள் காத்துவரும் உடன்பாட்டின் மறுபாதியை ஆவணங்களின் துணையோடு எழுதுவது வரலாற்று ஆய்வாளர்முன் உள்ள பணி.